நாற்பத்தைந்து மீட்டரில் இரும்புக் காக்கை

முத்தாபுதுப்பேட்டை
8.6.2025

ரியாக்காவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அதனால் தபாலில் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், பாளையங்கோட்டை ஹாஸ்டல் முகவரியை உன் அம்மா ஞானகுமாரி ஆன்ட்டிதான் கொடுத்தார்கள். உனக்கு எழுதத்தான் என்று சொல்லியே வாங்கினேன். திருட்டுத்தனமாக வாங்கவில்லை.

போட்டியன்று வேப்பம்பட்டு மைதானத்தில் என்னால் பேச முடியவில்லை. உனக்குத் தெரியும், நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதும்போது அடைப்பதில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் படி.

நம் ஏர் ரைபிள் போட்டியில் காக்கை, அணில் மாதிரி வெட்டி நடுவில் ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளை வைப்பார்கள். எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரைபிள் மேல் இருக்கிற ஸ்கோப் தொலைநோக்கியின் பக்கத்தில் உள்ள பெரிய சக்கரத்தைத் திருப்ப வேண்டும். காக்கை எங்கே தெளிவாகத் தெரிகிறதோ, அந்த இடத்தில் சக்கரத்தில் ஒட்டியிருக்கிற பட்டை என்ன எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் தூரம். ஸ்கோப்பின் மேலே இருக்கிற குமிழை அந்தத் தூரத்துக்கு ஏற்றிச் சுட வேண்டும். பட்டை தப்பென்றால் எல்லாமே தப்பு.

அந்தப் பட்டையை ஜனவரியில் நான் எழுதினேன். நீ டேப் பிடித்தாய், நான் சக்கரம் திருப்பினேன். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டேன். மே மாதப் போட்டியில் மத்தியானத்துக்கு மேல் உனக்குத் தகடு விழவில்லை. உடனே நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "ஒம்பதாவதோட நின்னவ கையில நம்பர் எழுதக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

நான் ஒன்பதாவதோடு நின்றது கணக்கு வராமல் இல்லை. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வராது. எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. இது உனக்கு மட்டும்தான் தெரியும். அதையே எடுத்துச் சொன்னாய்.

இப்போது வீரராகவன் சார் என்னைச் சுடவிடுவதில்லை. க்ளப் செயலாளர் சொன்னால் சொன்னதுதான். தகட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி போட்டி. முதலில் வருகிறவருக்கு மாநில அணியில் இடம், புனே போகலாம். நாம் என்ன பேசிக்கொண்டோம்? ரைபிள் உன்னுடையது, மே உனக்கு, ஆகஸ்ட் எனக்கு. அந்தப் பேச்சை நீ காப்பாற்ற வேண்டும். நான் பட்டையைத் தப்பாக எழுதவில்லை.

நிஷா


பாளை ஹாஸ்டல்
16.6.2025

ஏய் நிஷா,

லெட்டர் போட்டா பதில் போடணுமேன்னு போடறேன். இதனால அன்-பிளாக் பண்ணிட்டேன்னு நெனைக்காத.

உன் பட்டை தப்பு இல்லன்னா என் கண்ணு தப்பா? காலையில ஒரே ஒரு தகடுதான் விட்டேன். நல்லா முன்னால இருந்தேன். சாப்பிட்டுட்டு வந்து உக்கார்ந்தா ஒண்ணும் விழல. குண்டு தகட்டுல பட்டு டங்குங்குது, காக்கா அப்படியே நிக்குது. ஓட்டைக்குள்ள போனாத்தான விழும். அன்னிக்கு ஜெயிச்ச தினேஷ் அண்ணன் என்னைப் பார்த்து, "இன்னா ரியா, காக்காய்க்கு சோறு வெக்கிறியா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. உனக்கு மட்டுந்தான் எல்லாரும் சிரிச்சா வலிக்குமா?

வேப்பம்பட்டுல இருந்து ஆவடி வரைக்கும் அப்பா ஸ்கூட்டர்ல ஒரு வார்த்தை பேசல. எங்கப்பா யூஜின் பேசாம வந்தார்னா இன்னா அர்த்தம்னு எங்க ஊட்ல கேட்டுப் பாரு. நேரா திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நான் சொன்னது கோவத்துல சொன்னது. அதுக்காக பட்டை சரின்னு ஆயிடாது. ரைபிள் தர முடியாது. அதை எடுத்துக்கினு போய் நீயும் அசிங்கப்பட்டா, அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க.

ரியா

பி.கு: இங்க சாம்பார்ல தேங்கா போடறாங்க. எனக்குப் பிடிக்கல.


முத்தாபுதுப்பேட்டை
22.6.2025

ரியாக்காவுக்கு,

பெயின்ட் அடிக்கிற வேலை கொடுத்தது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

போட்டியன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எல்லாத் தகட்டுக்கும் புதிதாகக் கறுப்பு அடிப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? காலையில் பட்ட அடையாளம் மறையட்டும் என்று. அப்படியானால் இப்போது தகட்டில் இருக்கிற வெள்ளித் தழும்பெல்லாம் மத்தியானத்துக்கு மேல் பட்டவை. மே போட்டிக்குப் பிறகு அந்தத் தகடுகளை வெளியே எடுக்கவே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதற்காக வெளியே எடுத்தேன்.

பக்கத்தில் வைத்த அணில் தகடுகளில் தழும்பு ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கிறது. தூரத்தில் வைத்த காக்கைகளில் அப்படி இல்லை. ஓட்டைக்கு மேலே ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓட்டைக்குக் கீழே, காக்கையின் கால் பக்கமாக, அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. அக்கா, நீ ஒருத்தி சுட்டு அத்தனை தழும்பு வராது. மத்தியானம் சுட்ட எல்லோருக்கும் குண்டு கீழேதான் போயிருக்கிறது. நான் எழுதியது உன் பட்டையை மட்டும்தான். மற்றவர்கள் பட்டையை அவரவர் எழுதினார்கள்.

நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வீரராகவன் சார் வந்து, தகட்டைக் கும்பிடுகிறாயா என்று கேட்டார்.

தினேஷ் அண்ணன் மட்டும் எப்படி ஜெயித்தார் என்று யோசித்தேன். டீக்கடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மத்தியானம் இரண்டு தகடு விட்டதும், ஓட்டையைக் குறி வைக்காமல் காக்கையின் தலையைக் குறி வைத்தாராம். அது ஏன் பலித்தது என்று அவருக்கும் தெரியவில்லை. அனுபவம் என்றார்.

மத்தியானத்தில் என்ன மாறுகிறது? அன்று உன் கையில் இருந்தது ரைபிள். எனக்குத் தெரியாதது ஏதாவது உனக்கு ஞாபகம் இருக்கும். திட்டாமல் எழுது.

நிஷா


பாளை ஹாஸ்டல்
1.7.2025

நிஷா,

எல்லாருக்கும் கீழ போச்சுன்னு படிச்சதும் லெட்டரை மடிச்சு வெச்சுட்டேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு மறுபடி எடுத்துப் படிச்சேன். தினேஷ் அண்ணனுக்கும் கீழயா! என்கிட்ட காக்காய்க்கு சோறு வெக்கிறியான்னு கேட்ட ஆளு!

ஞாபகம் இருக்கறதைச் சொல்றேன். மத்தியானம் ரைபிளை எடுக்கச்சொல்ல ஸ்கோப் கொதிச்சுது. சாப்பிடப் போகச்சொல்ல வெயில்லயே வெச்சுட்டுப் போயிட்டேன். கை வெக்க முடியல. இன்னொண்ணு. காலையில காக்கா பளிச்சுன்னு தெரிஞ்ச எடத்துல சக்கரம் நின்னா, ஒரு மாதிரி நிச்சயமா இருந்தது. மத்தியானமும் பளிச்சுன்னுதான் தெரிஞ்சது. ஆனா எனக்கு ஒவ்வொரு காக்காவும் பட்டை சொல்றதைவிட தூரமா இருக்கற மாதிரியே பட்டுது. பட்டையை நம்பினேன். என் கண்ணை நம்பல.

அதனால எனக்கு இப்பவும் சந்தேகம் உன் மேலதான். நீ ஒட்டின பசை வெயில்ல இளகி, பட்டை நகர்ந்திருக்கும். அதுவும் உன் தப்புதானே? மத்தவங்க எல்லாரும் அதே கடையில அதே பசைதான் வாங்குவாங்க, அவங்களுதும் நகர்ந்திருக்கும்.

அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். எங்க ஊட்டுக்குப் போய் ஸ்கோப்பைப் பாரு. பாக்கறது மட்டும். சுடக்கூடாது. குண்டு டப்பா பீரோவுல பூட்டி கீது, சாவி அம்மா இடுப்புல கீது. அம்மா பக்கத்துலயே இருப்பாங்க.

பட்டை நகர்ந்திருந்தா நேரா எழுது. மழுப்பாத.

ரியா


முத்தாபுதுப்பேட்டை
13.7.2025

ரியாக்காவுக்கு,

பட்டை நகரவில்லை. ஒட்டின அன்றே, பட்டை ஆரம்பிக்கிற இடத்தில் சக்கரத்தின் மேல் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டையின் முனையும் கீறலும் அப்படியே ஒட்டி நிற்கின்றன. அவர்கள் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேள்.

உங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெருக்கோடி வீட்டு மாடியில் ஒரு நீல டிரம் தெரியும். யூஜின் அங்கிள் தெருவில் டேப் பிடித்து அளந்து கொடுத்தார். நாற்பது மீட்டர். எதற்கு என்று கேட்கவில்லை. ரைபிளை மணல் மூட்டை மேல் வைத்து, விடிந்ததும் டிரம்மைப் பார்த்தேன். அதன் மேல் எழுதியிருக்கிற எழுத்து தெளிகிற இடத்தில் பட்டை நாற்பது என்று காட்டியது. நான் ஜனவரியில் எழுதிய கோடு சரி.

ரைபிளை அப்படியே வெயிலில் விட்டேன். ஆன்ட்டி குடை பிடித்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார்கள், நான் குண்டை மந்திரம் போட்டு வரவழைத்துவிடுவேன் என்கிற மாதிரி. உச்சி வெயிலில் மறுபடி பார்த்தேன். நாற்பதில் சக்கரத்தை வைத்தால் எழுத்து கலங்கியிருந்தது. திருப்பினேன். தெளிந்த இடத்தில் பட்டை முப்பத்தாறு என்றது.

டிரம் நகரவில்லை. பட்டை நகரவில்லை. ஸ்கோப் மட்டும்தான் சூடாகியிருந்தது.

ஆன்ட்டியையும் பார்க்கச் சொன்னேன். சக்கரத்தைத் திருப்பி, எழுத்தைப் படித்து, எண்ணைப் பார்த்து, "இன்னாடி இது, கண்ணாடிக்கும் வெயில் அடிக்குமா?" என்றார்கள். ஈரத் துண்டைக் கொண்டுவந்து அவர்களே ஸ்கோப் மேல் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எழுத்து முப்பத்தெட்டில் தெளிந்தது. சாயங்காலம் ஆறியபிறகு மறுபடி நாற்பது.

இப்போது புரிகிறதா? நம் க்ளப்பில் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் எல்லோரும் வருவோம். வெயில் சுட ஆரம்பித்தால் கலைந்து டீக்கடைக்குப் போய்விடுவோம். அதனால் எல்லாப் பட்டையும் குளிர்ந்த காலையில் எழுதியவை. எல்லா ஸ்கோப்பும் ஒரே கடையில் சேர்த்து வாங்கியவை. மே மாத மத்தியானத்தில் நாற்பதில் இருக்கிற காக்கையை எல்லோருடைய சக்கரமும் முப்பத்தாறு என்று சொல்லியிருக்கிறது. முப்பத்தாறுக்கு ஏற்றிச் சுட்டால் குண்டு கீழேதான் விழும். அக்கா, பட்டை சொல்வதைவிடத் தூரமாக இருக்கிறது என்று உன் கண் சொன்னதே. கண் சொன்னது சரி.

உன் கண்ணும் தப்பில்லை, என் எண்ணும் தப்பில்லை.

இதற்கு மேல் நான் என்ன நிரூபிக்க வேண்டும் என்று எழுது. இல்லையென்றால் ரைபிளைக் கொடு.

நிஷா


பாளை ஹாஸ்டல்
21.7.2025

நிஷா,

மெஸ்ல உன் லெட்டரைப் படிச்சுக்கினே சிரிச்சிட்டேன். பக்கத்துல இருந்தவ லவ் லெட்டரான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

அம்மா போன்ல ஒரு மணி நேரம் டிரம்மைப் பத்தியே பேசினாங்க. தானே கண்டுபிடிச்ச மாதிரி பேசறாங்க, நீ ஒண்ணும் சொல்லிடாத. அப்பா போனை வாங்கி, "பாப்பா, அன்னிக்கு நீ நல்லாத்தான் சுட்டிருக்க"ன்னார். அவ்ளோதான். நான் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன்.

அந்த ஒம்பதாவது மேட்டருக்கு ஒண்ணு எழுதணும்னு உக்கார்ந்தேன். நாலு தடவை எழுதி அடிச்சுட்டேன். எது எழுதினாலும் லீவ் லெட்டர் மாதிரி வருது. அதை எல்லார் முன்னாலயும் சொன்னேன், உன்கிட்ட தனியா பேப்பர்ல எழுதி முடிச்சுக்கறது சரியில்ல. அதுக்கு வேற வழி பாக்கறேன். கொஞ்சம் டைம் குடு.

ரைபிள் எடுத்துக்கோ. குண்டு டப்பாவும் எடுத்துக்கோ. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், வீரராகவன் சாருக்கும் போன் போட்டு ஆகஸ்ட்ல நிஷா சுடுவான்னு சொல்லிட்டேன். சார் சரிம்மான்னார். எனக்கு அந்த வாரம் பரீட்சை, வர முடியாது. வந்திருந்தா நானே சுடணும்னு ஆசை வந்திருக்கும், அதனால நல்லதுதான்.

கருப்புல எழுதின பட்டைக்குப் பக்கத்துலயே வெயில் பட்டை ஒண்ணு சிவப்புல எழுது. ஆனா ஒண்ணு யோசி. பாதி வெயில், பாதி மேகம்னா எந்தப் பட்டை? கையை வெச்சுப் பாத்து சொல்ல முடியுமா? எனக்குத் தெரியல. நீதான் விஞ்ஞானி.

ரியா


முத்தாபுதுப்பேட்டை
10.8.2025

ரியாக்காவுக்கு,

சிவப்புப் பட்டை எழுதிவிட்டேன். இரண்டு ஞாயிறு உச்சி வெயிலில் கிரவுண்டில் தனியாக உட்கார்ந்து எழுதினேன். எல்லோரும் டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். தினேஷ் அண்ணன் வந்து குனிந்து பார்த்து, "ரெண்டு பட்டையா? நெத்தியில ஒண்ணு போட்டுக்கினா மூணு ஆயிடும்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கோடு கோணாமல் போட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. பரத் அண்ணன் கொளத்தூரில் வண்ண மீன் கடையில் வேலை செய்கிறான் இல்லையா, மீன் தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டுகிற ஒரு சின்ன ஸ்டிக்கர் கொண்டுவந்தான். தண்ணீர் எத்தனை டிகிரியோ அந்த எண் மட்டும் பச்சையாக ஒளிரும். அதை ஸ்கோப் குழாய் மேல் ஒட்டிவிட்டேன். காலையில் இருபத்தாறு, இருபத்தேழு காட்டும். அப்போது கருப்புப் பட்டை. முப்பத்து நான்குக்கு மேல் போனால் எல்லா எண்ணும் அணைந்துவிடும். அப்போது சிவப்பு. நடுவில் ஏதாவது எண் ஒளிர்ந்தால் இரண்டு பட்டைக்கும் நடுவில் எடுக்க வேண்டும். மீனுக்குக் காய்ச்சல் பார்க்கிறதை வைத்தா சுடப்போகிறாய் என்று அம்மா சிரித்தாள். எங்கள் வீட்டில் அம்மா சிரித்தால் நல்ல சகுனம்.

வீரராகவன் சார் ஸ்டிக்கரைப் பார்த்து இது செல்லாது என்றார். விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி எல்லோரும் புரட்டினார்கள். ஸ்கோப்பில் என்ன ஒட்டக்கூடாது என்று எங்கேயும் இல்லை. சரி, இருக்கட்டும் என்றுவிட்டார்.

எனக்கு வேறு பயம். தகடு விழுந்தால் சுட்டவர்தான் தான் அப்போது உட்கார்ந்து சுடுகிற லேனின் எண்ணைச் சொல்லி "விழுந்தது" என்று கத்த வேண்டும். கணக்கு எழுதுகிறவர் மைதானத்தின் அந்தக் கோடியில் குடைக்குக் கீழே இருப்பார். அவர் காதில் விழாவிட்டால் அது விழாத தகடுதான். பழகும்போதெல்லாம் எனக்காக நீ கத்துவாய். போட்டியில் வேறு யாரும் எனக்காகக் கத்தக்கூடாது. போன ஞாயிறு பழகிப் பார்த்தேன். நாலு விழுந்தது. எழுதியது ஒன்று.

குறி தவறித் தோற்றால் பரவாயில்லை. குரல் வராமல் தோற்றால் நான் பள்ளிக்கூடத்தை விட்ட அதே இடத்தில்தான் நிற்பேன்.

நிஷா


பாளை ஹாஸ்டல்
18.8.2025

நிஷா,

கேளு. நம்ம ஊரு பக்கத்துல இந்து காலேஜ் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போ, பிளாட்பாரம் கோடியில நில்லு. எக்ஸ்பிரஸ் நிக்காம போகும் பாரு, அப்போ கத்து. ஏழாம் லேன் விழுந்ததுன்னு கத்து. ஒருத்தர் காதுலயும் விழாது. தெனமும் ஒரு வண்டிக்குக் கத்து. அப்புறம் மெதுவா போற யூனிட் வண்டிக்கு, அதான் லோக்கல் ரயிலுக்கு, கத்து. கடைசியா வண்டியே இல்லாதப்போ கத்து. யாராவது திரும்பிப் பார்த்தா போன்ல பேசற மாதிரி காதுல கை வெச்சுக்கோ.

நான் விளையாட்டுக்குச் சொல்லல. நான் ஸ்கூல்ல பாட்டுப் போட்டிக்கு இப்படித்தான் பழகினேன்.

உன்னைச் சுத்தி நிக்கறவங்களை நீ பாக்காத. உனக்கு ஒரு கண்ணுதான் தொறந்திருக்கும், அதுல காக்கா மட்டும்தான் தெரியணும். விழுந்த உடனே, நிமிர்றதுக்கு முன்னாடியே கத்திடு. யோசிச்சேன்னா போச்சு.

31ஆம் தேதி உனக்குப் போட்டி, எனக்கு மறுநாள் பரீட்சை. மாதாகிட்ட ரெண்டையும் சேத்து வேண்டிக்கறேன். எதாவது ஒண்ணுதான்னு சொன்னா, உன்னுதையே குடுக்கச் சொல்றேன். எனக்கு அரியர் எழுதலாம்.

ரியா


முத்தாபுதுப்பேட்டை
1.9.2025

ரியாக்காவுக்கு,

ஆன்ட்டி போனில் முடிவைச் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என்னிடம் கேட்கிற மாதிரி படி.

காலையில் கருப்புப் பட்டை. லேன் மாறி மாறிச் சுட்டதில் முதல் நான்கு லேனிலும் எல்லாம் விழுந்தது. ஆனால் இரண்டுக்கு என் குரல் குடைக்குப் போய்ச் சேரவில்லை. ஏழாவது லேனில் நான் சொன்னபோது, கணக்கு எழுதுகிற எத்திராஜ் மாமா கையைக் காதில் வைத்து என்ன என்று சைகை காட்டினார். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த இரண்டும் போய்விட்டன. தினேஷ் அண்ணன் ஒன்றும் விடாமல் முன்னால் இருந்தார்.

அதற்கடுத்த லேனில் நீ சொன்னபடி செய்தேன். காக்கை சாய்ந்ததும், கன்னத்தை ரைபிளிலிருந்து எடுக்கிறதற்கு முன்னாலேயே கத்தினேன். எக்ஸ்பிரஸுக்குக் கத்துகிற சத்தம் வந்துவிட்டது. பக்கத்து லேனில் குறி பார்த்துக்கொண்டிருந்த மோகன் அண்ணன் பயந்து ரைபிளைக் கீழே வைத்தார். எத்திராஜ் மாமா குடையிலிருந்தே, "கேக்குதும்மா, திருவள்ளூர் வரைக்கும் கேக்குது" என்றார். இந்தத் தடவையும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த தகட்டுக்கும் அதே சத்தத்தில் கத்தினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் கொளுத்தியது. ஸ்டிக்கரில் எல்லா எண்ணும் அணைந்துவிட்டது. நான் சிவப்புக்கு மாறினேன். சுற்றிலும் டங், டங் என்று குண்டு தகட்டில் பட்டுக்கொண்டே இருந்தது, காக்கை நின்றுகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு மே மாத நீதான் ஞாபகம் வந்தாய். என் லேனில் டங் கேட்கவில்லை. காக்கைகள் மல்லாந்து விழுந்தன. தினேஷ் அண்ணன் தலையைக் குறி வைத்துச் சமாளித்தார். இருந்தாலும் இரண்டு விட்டார். முடிவில் எனக்கும் அவருக்கும் சமம்.

சமமானால் இருவருக்கும் ஒரே காக்கை, ஆளுக்கு ஒரு குண்டு. அதை வைத்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்தது. பெரிய மழை இல்லை, சடசடவென்று பத்து நிமிஷம். எல்லோரும் ரைபிளைத் துணியால் மூடினார்கள். நான் மூடவில்லை. தினேஷ் அண்ணனும் தன்னுடையதை மூடவில்லை. மழை நின்றதும் மறுபடி வெயில் எட்டிப் பார்த்தது.

அவர் முதலில் உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்கச் செய்த மாதிரியே தலையைக் குறி வைத்திருக்கிறார். டங். தழும்பு ஓட்டைக்கு மேலே விழுந்தது. ஸ்கோப் ஆறிவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் உட்கார்ந்தேன். சக்கரத்தைத் திருப்பினேன். காக்கையின் அலகு தெளிந்தது. கருப்புப் பட்டை நாற்பத்து மூன்று. சிவப்புப் பட்டை நாற்பத்தேழு. ஸ்டிக்கரைப் பார்த்தேன். முப்பது பச்சையாக ஒளிர்ந்தது. வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று முதுகில் தெரிந்தது. ஆனால் அக்கா, எனக்கு அப்போது ஒரே ஒரு கணக்குதான் இருந்தது, அதற்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. நாற்பத்தைந்துக்கு ஏற்றினேன். தலையைக் குறி வைக்கவில்லை. காலைக் குறி வைக்கவில்லை. ஓட்டையின் நடுவைக் குறி வைத்தேன்.

டங் வரவில்லை. ஒரு சின்ன டிக் மட்டும் கேட்டது. காக்கை பின்னால் சாய்ந்தது.

கத்தினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கத்தினேன் என்று ஆன்ட்டி சொன்னார்கள். அவர்கள் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். யூஜின் அங்கிள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தூரத்தை அளந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அங்கேயிருந்தே "நாப்பத்தஞ்சு" என்று கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

தினேஷ் அண்ணன் கை கொடுத்தார். எப்படி எடுத்தாய் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. இரண்டு பட்டையையும் காட்டிச் சொன்னேன், அவர் கேட்டார், மோகன் அண்ணன் கேட்டார், சுற்றி நின்ற எல்லோரும் கேட்டார்கள். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. கடைசியில் வீரராகவன் சார் தன்னுடைய ஸ்கோப்பைக் கொண்டுவந்து நீட்டி, தனக்கும் ஒரு சிவப்புப் பட்டை எழுதித் தர முடியுமா என்றார். உச்சி வெயிலில் கூட உட்கார்ந்து டேப் பிடித்தால் எழுதித் தருகிறேன் சார் என்றேன். சரி என்றார், அக்கா. தொப்பி எடுத்துக்கொண்டு வருகிறாராம்.

அக்டோபரில் புனே. அம்மா இப்போதே பை தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

உன் பரீட்சை என்ன ஆயிற்று?

நிஷா


பாளை ஹாஸ்டல்
8.9.2025

நிஷாவுக்கு,

பரீட்சை சுமார். மாதா நான் சொன்னபடியே கேட்டுட்டாங்க.

வீரராகவன் சார்கிட்ட பேசிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம காலையில எல்லாரும் கிரவுண்டுல இருக்கறப்போ அவருக்கு போன் போடுவேன். ஸ்பீக்கர்ல வெப்பார். மே மாசம் நான் எத்தனை பேர் முன்னால அந்த ஒம்பதாவது பேச்சைச் சொன்னேனோ, அத்தனை பேரும் இருக்கணும்னு சொல்லியிருக்கேன். வராதவங்களைக் கூட்டிக்கினு வரச் சொல்லியிருக்கேன். நீயும் அங்க நில்லு. அணில் தகட்டைத் தூக்கிக்கினு அந்தப் பக்கம் போயிடாத. நான் பேசி முடிக்கறவரைக்கும் நின்னு கேளு. அப்புறம் நீ பதில் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. சொல்லணும்னு தோணினா சொல்லு, கத்தியே சொல்லு, இங்க வரைக்கும் கேக்கணும்.

புனேவுக்கு ரைபிளைக் கொண்டுபோ. அப்பா பெட்டி வாங்கி வெச்சிருக்கார். சிவப்புப் பட்டையை அங்க போய் ஒருதடவை சரி பாரு. அந்த ஊரு வெயில் வேற மாதிரி இருக்கும்.

ஜெயிச்சுட்டு வா. ஏன்னா அடுத்த மே எனக்கு. பேச்சு பேச்சுதான். நான் வேப்பம்பட்டுக்கு வருவேன், அதே லேன்ல உக்காருவேன், நீ வாங்கின எடத்தை உன்கிட்டயிருந்தே வாங்குவேன். நீ க்ளப் ரைபிள்ல சுடு, தினேஷ் அண்ணன்கிட்ட கடன் வாங்கிச் சுடு, எதுல வேணா சுடு. ஒரு தகடுகூட எனக்காக விட்டுக் குடுக்காத.

ஆனா என் சக்கரத்துல பட்டையை நீதான் எழுதணும். வேற யார் எழுதினாலும் நான் சுட மாட்டேன்.

ரியா